ஆகஸ்ட் 1-க்குள் நான்கு பிள்ளைகள் வேண்டும்

ஊர்ப் பெரியோர்களுக்கும், வெளியூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் நம் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

தோவாளை வட்டத்தில் உள்ள நம் அரசு தொடக்கப் பள்ளியில் இப்போது 57 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பேர் வரை இரண்டு ஆசிரியர்தான். 61 ஆகிவிட்டால் மூன்றாவது ஆசிரியர் கேட்கலாம். அதற்கான தலைக்கணக்கு ஆகஸ்ட் 1 நிலவரப்படி எடுக்கப்படுகிறது. நமக்குக் குறைவது நாலே பேர்.

ஊரில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் முக்கில் நின்றால் தனியார் பள்ளி வேன்கள் வீட்டு நடையிலேயே வந்து ஏற்றிப் போவதைப் பார்க்கலாம். (பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் எங்கள் பேரப்பிள்ளைகள் சிலரும் அந்த வேனில்தான் போகிறார்கள். மறைத்து என்ன ஆகப்போகிறது?) 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலில் நின்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். படிப்புக்காகச் செலவழிக்க இங்கே யாரும் யோசிப்பதில்லை. வீடு வீடாக ஏறி இறங்கியபோது பாடத்தையோ ஆசிரியரையோ ஒருவரும் குறை சொல்லவில்லை. காலைச் சாப்பாடு போடுவதும் எல்லாருக்கும் தெரியும். "டாரஸ் லாரி ஓடுற ரோட்டைத் தாண்டி பிள்ளைய எப்படித் தனியா விட?" என்றுதான் கேட்டார்கள். ஆட்டோ வந்தால் சேர்க்கிறோம் என்று ஏழு வீட்டார் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் சில பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தை பிறந்ததும் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து செங்கல் சூளைக்குக் குடும்பங்கள் வரும். வைகாசி மழைக்கு முன் கிளம்பிவிடும். டி.சி., பிறப்புச் சான்று இல்லை என்று இவர்களைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. தலைமை ஆசிரியரும் சேர்க்கத் தயார். "ஆகஸ்ட் கணக்குக்கு உதவாத பிள்ளைகளுக்கு நாம எதுக்கு ஆட்டோ விடணும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நன்கொடை கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் போன மாசியில் எங்களோடு சூளைக்கு வந்து, பச்சைச் செங்கலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒன்பது வயதுக்காரியைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. ராணுவக்காரரான கணவரோடு வடக்கே பல வருடம் இருந்து திரும்பிய நம்மூர்ப் பெண் ஒருவர், அந்த நாலு மாதமும் வகுப்பில் உட்கார்ந்து இந்தியில் எடுத்துச்சொல்லச் சம்மதித்திருக்கிறார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டோ மாதம் 9,000 ரூபாய், பத்து மாதத்துக்கு 90,000. சூளைக்கு இன்னொரு ஆட்டோ, நாலு மாதத்துக்கு 36,000. இந்தியில் எடுத்துச்சொல்லும் உதவியாளருக்கு மாதம் 6,000 வீதம் 24,000. ஆக மொத்தம் ஒன்றரை லட்சம். குழுவினர் நாங்கள் 30,000 போட்டுவிட்டோம்.

கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவதுபோல் இதற்குப் போடவில்லை, முடிந்ததைத் தாருங்கள். ஒரு மாத ஆட்டோ வாடகையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் சரி. கையில் பணம் வாங்கமாட்டோம். பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கு எண்ணைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு அதில் மட்டும் போடுங்கள், ரசீது வரும். வரவு செலவை மாதாமாதம் சத்துணவுக்கூடச் சுவரில் ஒட்டிவிடுவோம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முதல் இரண்டு மாத வாடகை கைவசம் இருந்தால்தான் ஆட்டோக்காரரிடம் பேசி முடிக்க முடியும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினர், முன்னாள் மாணவர்கள்