தெளிக்கும் தண்ணீர் எங்கே போகிறது?

நிலக்கரிக் கிடங்குகளுக்கு அனுமதி தருவது குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். தூசியைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, தண்ணீரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்து நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. ராயபுரம் பக்கம் மூச்சு விட்டார்கள், சரி, அப்புறம்? தூசி பறக்காமலிருக்கக் குவியல்மேல் தெளிக்கும் தண்ணீர், மழை வந்தால் கறுப்பாக வாய்க்காலில் இறங்கிவிடுகிறது. சென்ற ஐப்பசியில் மீஞ்சூர் அருகே எங்கள் வயலில் நாற்றுப் பறித்தபோது வேரெல்லாம் மை அப்பியதுபோல் இருந்தது. கழுவியும் விரலிடுக்கில் கரி போகவில்லை.

கிடங்கைச் சுற்றி சிமென்ட் வடிகாலும் கசடு படியும் தொட்டியும் கட்டி முடித்த பிறகே முதல் லோடு இறங்க வேண்டும். அனுமதிக்கு முன்பே பக்கத்துக் கிணற்று நீரைச் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும்.

- ஒரு விவசாயி, மீஞ்சூர்