வெள்ளியின் எரிமலைகள் அணைந்துவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வெள்ளிக் கோளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அங்குள்ள எரிமலைகள் எல்லாம் என்றைக்கோ அணைந்துபோனவை என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 28 ஆண்டுகள் புவியியல் வகுப்பில் அதே வரியைத்தான் நானும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். இப்போது அழிக்கக் கரும்பலகை இல்லை, ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

வெள்ளியை எந்நேரமும் மேகம் மூடியிருப்பதால், 1990-ல் அங்கே போய்ச் சேர்ந்த நாசாவின் மெகல்லன் விண்கலம் ரேடாரைக் கொண்டுதான் தரையைப் படமெடுத்தது. 1991 பிப்ரவரிப் படத்தில், மாட் மான்ஸ் என்ற எரிமலையை ஒட்டி, ஏறக்குறைய வட்டமாக ஓர் எரிமலை வாய் தெரிகிறது. பரப்பு சுமார் 2.2 சதுர கி.மீ. அக்டோபர் படத்தில் அதே வாய் 4 சதுர கி.மீ. அளவுக்கு அகன்று, வடிவம் கோணலாகி, விளிம்புவரை லாவா நிரம்பியது போல இருக்கிறது. இடையில் எட்டே மாதம்!

இதைக் கண்டுபிடித்ததோ 2023-ல். விண்கலம் ஒவ்வொரு படமெடுப்புச் சுற்றிலும் வேறு கோணத்தில் பார்த்ததால் ஒரே மேடு இரண்டு படங்களில் இரண்டு விதமாகத் தெரியும். அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர் ராபர்ட் ஹெரிக் சுமார் 200 மணி நேரம் படங்களைக் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மாற்றம் வெறும் கோணத்தால் வந்த தோற்றமா என்று அறிய, நாசா ஆய்வாளர் ஸ்காட் ஹென்ஸ்லி அந்த வாயைக் கணினியில் பல வடிவங்களில் அமைத்துச் சோதித்தார். மாட் என்பது எகிப்தியரின் உண்மைத் தெய்வம். அந்த மலை வாய் திறந்தும் 32 ஆண்டுகள் யார் காதிலும் விழவில்லை!

லாவா வராமல் வாய் வெறுமனே சரிந்திருக்கலாமே என்று கேட்கலாம். பூமியில் இவ்வளவு பெரிய சரிவு நடந்தால், பக்கத்தில் எங்காவது எரிமலை வெடித்திருக்கும் என்பது ஹெரிக்கின் பதில். எனக்கு அது போதும்.

இன்னொன்று. சில கோடி ஆண்டுகளுக்கு முன் கோள் முழுவதையும் லாவா ஒரே மூச்சில் மூடியதாகக் கட்டுரை சொல்கிறது. விண்கல் விழுந்த பள்ளங்கள் அங்கே ஆயிரத்துக்கு அருகில்தான். அவையும் பரவலாகச் சிதறிக் கிடக்கின்றன. பழைய தரையானால் பள்ளங்கள் இன்னும் ஏராளமாக இருக்கும். ஆகவே தரை இளையது என்பதற்கு இது சான்று. ஆனால் ஒரே மூச்சில் மூடியதா, அங்கங்கே சிறுகச் சிறுக மூடியதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ‘சில கோடி’ என்பதும் குறைவு. பல பத்துக் கோடி ஆண்டுகள் என்பதே பொதுவான கணிப்பு.

மாணவர்கள் இப்பக்கத்தை வெட்டி ஒட்டிவைக்கிறார்கள். அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்