கப்பலேறிப் போய் சைக்கிள் பார்த்த மகனுக்கு

தலவாக்கலை,
10 ஜூலை 2025

அன்பு மகனுக்கு,

இங்கிலாந்தில் டோவருக்குத் திரும்பி வந்துவிட்டேன் என்று நீ அனுப்பிய மெசேஜ் இங்கே விடியற்காலை மூன்று மணிக்கு வந்தது. அம்மா அதுவரை போனை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பார்த்துவிட்டு, "வந்துட்டான்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்தாள். நீ பார்க்கப் போன டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸில் யார் ஜெயித்தது என்று கேட்கவேயில்லை.

டோவரிலிருந்து பிரான்ஸில் இருக்கிற கலேக்குக் கப்பலில் தொண்ணூறு நிமிஷம்தான், இங்கிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போய் வருகிற மாதிரி என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் காதில் ஏறாது. கப்பல் என்றால் அவளுக்கு ராமேஸ்வரத்துக்குக் கப்பல் போன தலைமன்னார்தான். 1964 ஒப்பந்தத்தில் எங்கள் மலையகத் தோட்டத்து ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டன. அதில் போனவள்தான் உன் பெரியம்மா. அம்மாவுக்கு அப்போது பத்து வயது. ஸ்டேஷனில் ரயில் கிளம்பியபோது, செத்த வீட்டில் அழுகிற மாதிரி பிளாட்பாரமே அழுததாம். பெரியம்மாவின் தகரப்பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த பெயர், 'ராமேஸ்வரம்' என்ற எழுத்து எல்லாம் அம்மாவுக்கு இன்னும் ஞாபகம். கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைதான் பறித்தாள். அப்புறம் சண்டை வந்தது, அந்தக் கப்பலும் நின்றது. அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்ளவேயில்லை.

காலையில் போய் ராத்திரி திரும்பி வருகிற கப்பல் உலகத்தில் உண்டு என்பதை நீதான் அவளுக்குக் காட்டினாய். அதுவும் சைக்கிள் பார்க்க!

சரி, ரேஸுக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரன் டோவரிலேயே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிட்டான் என்று நீ சொன்னது எனக்குப் புதுச் செய்தி. விசாவுக்கு நீ அலைந்த கதையை அம்மாவிடம் சொல்லவில்லை. கலேயிலிருந்து பூலோனுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் நீங்களே சைக்கிள் மிதித்துப் போய், மழையில் நாலு மணி நேரம் ரோட்டோரம் நின்று, கடைசியில் அவர்கள் கடந்து போனது அரை நிமிஷம். நீ அனுப்பிய வீடியோவில் தெரிவது கலர் கலராக ஒரு கோடு, ஒரு 'விர்ர்' சத்தம், பிறகு உன் கட்டை விரல். "இதுக்கா கப்பல் ஏறிப் போனான்?" என்றாள் அம்மா. தேருக்குக் காத்து நிற்பதில்லையா என்று கேட்டேன். "தேர் நம்ம வாசல்ல நிக்கும்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தப்பு உன் மேல்தான். நீ சமதரையில் நின்றாய். ஏற்றத்தில் நின்றிருக்க வேண்டும். அங்கேதான் மனுஷனுடைய முகம் தெரியும். அன்றைக்கு 209 கிலோமீட்டர் ஓட்டம், பூலோனுக்குப் பக்கத்தில் கடைசியாகச் சின்னச் சின்னச் செங்குத்து ஏற்றங்கள். ராத்திரி போனில் பார்த்தேன். முடிவில் நெதர்லாந்துக்காரன் வான் டெர் பூல் முந்தினான், மொத்த ரேஸில் முன்னால் இருக்கிறவன் போடுகிற மஞ்சள் சட்டையும் அவனுக்கே வந்தது. அவனுடைய அம்மாவழித் தாத்தா புலிடோர் இதே ரேஸில் எட்டு தடவை இரண்டாவதோ மூன்றாவதோ வந்தவர், ஆனால் மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. இதைப் படித்த பிறகு எனக்கு ரேஸை விட அந்தக் கிழவர்தான் நெஞ்சில் நிற்கிறார்.

ஏற்றத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. இருபத்தெட்டு வருஷம் தபால் பையோடு தோட்டத்துக்கும் டவுனுக்கும் சைக்கிளில் போய் வந்தவன் நான். ஏறும்போது நான் சைக்கிளைத் தள்ளுவேன், இறங்கும்போது அது என்னைத் தள்ளும். மிஸ்ட் விழுகிற நாளில் ரிம் நனைந்து பிரேக் பிடிக்காது. வலது காலை ரோட்டில் தேய்த்துத்தான் நிறுத்துவேன். அதனால் வலது பக்கச் செருப்பு மட்டும் மூன்று மாசத்தில் குதிகாலில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், இடது புதுசாகவே இருக்கும். அம்மா அந்த இடதுகளைச் சேர்த்து வைத்திருந்தாள், எதற்கென்று தெரியவில்லை.

ரேஸ் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று சட்டமாம். என்னுடையதில் அரிசி மூட்டை இல்லாவிட்டாலும் அது மூன்று மடங்கு இருக்கும். ஆனால் ஒருவன் பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு போவதன் சூட்சுமம் எனக்கு அப்போதே தெரியும். ஆடிக் காற்றில் கொழுந்து லொறிக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் காற்றே இருக்காது, கால் தானாகச் சுற்றும். லொறி வளைவில் திரும்பியதும் காற்று மூஞ்சியில் அறையும்.

அடுத்த வருஷம் போவதாயிருந்தால் பிரான்ஸில் இந்த ரேஸுக்குப் பேர்போன ஆல்ப் டியூஸ் மலைக்குப் போ. இருபத்தொரு வளைவாம். நம்ம றம்பொடை ரோடு பார்த்தவனுக்கு அது பழகின இடம் மாதிரித்தான் இருக்கும். முன்கூட்டியே போய் மேலே ஒரு வளைவில் இடம் பிடி.

ரேஸுக்கு முன்னால் போன விளம்பர வண்டியிலிருந்து வீசினார்கள் என்றாயே, சிவப்புப் புள்ளி போட்ட தொப்பி, அதை யாருக்கும் கொடுத்துவிடாதே. மலையேறுவதில் முதல் ஆளுக்கு அந்தப் புள்ளிச் சட்டைதானாமே. தொப்பியை வரும்போது கொண்டு வா, நான் டவுனுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். நான் தள்ளிக்கொண்டு ஏறியவன் என்பதை மட்டும் உன் கூட்டாளிகளிடம் சொல்லாதே.

அன்புடன்
அப்பா