பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

திருப்பூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திப் பிழைக்கிறவன் நான். பத்தாவதில் ஆங்கிலத்தில் தோற்றவர்கள்தான் என்னிடம் வருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எண்பது, தொண்ணூறு என்று வாங்கியவர்கள்தான் அதிகம். பேசுவதற்கும் கேட்பதற்கும் மார்க் வைத்து நீங்கள் வினாத்தாளை மாற்றினால் என் கடையில் கூட்டம் குறையும், அது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வருகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனி ஆட்கள். ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், தரம் பார்க்கிற க்யூசி, ஷிப்பிங் டாக்குமென்ட் பார்ப்பவர்கள் என்று பலரும். சிலர் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு ராத்திரி எட்டரைக்குச் சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்க வந்து உட்காருவார்கள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர் இது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரரை இங்கே பையர் என்போம், அவரோடு பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில்தான், அதுவும் ஜெர்மன்காரரும் ஸ்பெயின்காரரும் அவரவர் நாக்குக்கு வந்தபடி பேசுகிற ஆங்கிலம்.

புது பேட்ச் வந்தால் முதல் நாள் நான் பாடம் எடுப்பதில்லை. "நான்தான் பையர், சாம்பிளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் ஏதாவது கேளுங்கள்" என்பேன். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ரொம்ப நேரம் கழித்து ஒருவர், "சார், கலர் ஓகேவா?" என்பார், சிரிப்பு வரும். இன்னொருவர் தைரியமாக "வென் யூ வில் அப்ரூவ்?" என்பார். சரி, புரிகிறது, பையர் பதில் சொல்லிவிடுவார். ஆனால் அதற்கு மேல் ஒரு கேள்வி போகாது.

அதே ஆட்களிடம் போர்டில் ஹீ செட் டு மீ, "வேர் ஆர் யூ கோயிங்?" என்று எழுதி இன்டைரக்ட் ஸ்பீச்சுக்கு மாற்றச் சொன்னால், ஹீ ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங் என்று காற்புள்ளி முற்றுப்புள்ளி பிசகாமல் எழுதித் தந்துவிடுவார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்க வராது, எவரோ ஒருவர் எவரிடமோ கேட்டதை மாற்றி எழுத மட்டும் வரும். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பத்து வருடப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டது எல்லாம் ஆசிரியரும் வினாத்தாளும்தான், பிள்ளைகளுடைய வேலை பதில் சொல்வது மட்டும். ஆங்கிலத்தில் ஒரு கேள்வியைத் தானாக உருவாக்கி இன்னொரு மனிதரிடம் கேட்கிற அவசியம் அவர்களுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

உங்கள் வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒரு மார்க் கேள்வி பதினான்கு, அதில் சினானிம், ஆன்டானிம் மட்டும் ஆறு. மனப்பாடச் செய்யுளுக்கு ஐந்து மார்க், அதை வாயால் சொல்ல வேண்டாம், எழுத வேண்டும். வழி சொல்லும் கேள்வி ஒன்று இருக்கிறது, ரோடு மேப் என்று பிள்ளைகள் சொல்வார்கள். படம் எதுவாக இருந்தாலும் கோ ஸ்ட்ரெய்ட், டேக் லெஃப்ட், ஆன் யுவர் ரைட் என்று நான்கு வரி எழுதினால் இரண்டு மார்க் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு எனக்கு ஆங்கிலத்தில் வழி சொல்லு என்றேன், "சார், மேப் எங்கே?" என்றான் ஒரு பையன். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் நடக்கிறவன்.

லெட்டரும் அப்படித்தான். எக்ஸ்எக்ஸ்எக்ஸ், ஒய்ஒய்ஒய் என்று பெயரும் முகவரியும் போட்டு எழுதிப் பழகியவர்கள், துணி சாயம் போய் ஷிப்மென்ட் தாமதமாகிறது என்று பையருக்கு மெயில் அடிக்கும்போது "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பித்து, காரணத்தைக் கடைசி வரியில் ஒளித்து வைத்து, "தேங்கிங் யூ" என்று முடிக்கிறார்கள். ஏறக்குறைய லீவ் லெட்டர்.

இத்தனைக்கும் பாடநூலைக் குறை சொல்ல முடியாது. 2019-20இல் வந்த புதுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கேட்டல் பயிற்சி இருக்கிறது, பேச்சுப் பயிற்சி இருக்கிறது, க்யூஆர் கோடு கூட இருக்கிறது. எழுதியவர்கள் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கம் வந்ததும் வகுப்பில் என்ன நடக்கிறது என்று எந்தப் பத்தாவது பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: "அது பரீட்சைக்கு வராது, அடுத்த பக்கம் போ." அதே வருடம்தான் இரண்டு தாளாக இருந்த ஆங்கிலம் நூறு மார்க்குக்கு ஒரே தாளானது. அந்த நூறும் எழுத்துக்கே போய்விட்டது. காதுக்கும் வாய்க்கும் ஒரு மார்க் கூட இல்லை. எட்டுப் போட்டுக் காட்டச் சொல்லாமல் சிக்னல் படத்தை மட்டும் கேட்டுவிட்டு லைசென்ஸ் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

ஆசிரியர்களைத் திட்ட நான் வரவில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கினால், முப்பத்தைந்து மார்க்குக்கு எது உதவுமோ அதைத்தானே அவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். பேசச் சொல்லி நேரத்தைச் செலவழித்த ஆசிரியருக்கு ரிசல்ட் அன்றைக்குக் கெட்ட பெயர்தான் மிச்சம்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். நூறில் இருபதைப் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒதுக்குங்கள். அகமதிப்பீடு என்று பள்ளியின் கையிலேயே கொடுத்துவிடாதீர்கள், பிளஸ் டூவில் அந்தப் பத்து மார்க் எப்படிப் போடப்படுகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வந்து நடத்தட்டும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் பிள்ளைகள், எப்படி முடியும் என்பீர்கள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் எழுதுகிற ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஒரு ஆளுக்கு 11 முதல் 14 நிமிடம் பேச்சுத் தேர்வு வைக்கிறார்கள், அது நமக்கு ஆகாது. இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுங்கள். ஒருவன் கையில் பஸ் நேரம், இன்னொருவன் போக வேண்டிய ஊர். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், ஐந்து நிமிடம் போதும். அறுபது பேர் உள்ள பள்ளியில் முப்பது ஜோடி, 150 நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். கேட்டலுக்கு ஒரு ஆடியோ, பத்து கேள்வி. அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் வைத்த ஹைடெக் லேப் இருக்கிறது, அது இல்லாத இடத்தில் ஒரு ஸ்பீக்கர் போதும்.

அறிவியல் செய்முறைக்கு 25 மார்க் இருக்கிறதே, அதை வாரி வழங்குகிறார்களே, இதுவும் அப்படித்தான் ஆகும் என்று சிலர் சொல்வார்கள். ஆகலாம். ஆனால் அந்த 25 இருப்பதால்தான் பல பள்ளியில் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தைய வாரமாவது சோதனைக் குழாயைக் கையில் பிடிக்கிறார்கள். அந்த ஒரு வாரம் ஆங்கிலத்துக்கும் கிடைத்தால் கசக்குமா?

கிராமத்துப் பிள்ளை பேச்சுத் தேர்வில் அடிபட்டுப் போகும், மெட்ரிக் பிள்ளை அள்ளிக்கொண்டு போகும் என்பது இன்னொரு பயம், இது நியாயமான பயம். அதனால் உச்சரிப்புக்கு மார்க் வேண்டாம். நம் ஊர் நாக்கோடு பேசினால் என்ன குறை? கேட்டது எதிராளிக்குப் புரிந்ததா, தேவையான விவரம் கிடைத்ததா, அதற்கு மட்டும் மார்க். மற்றபடி அந்தப் பிள்ளை அடிபடாமல் ஒன்றும் இல்லை, நான்கைந்து வருடம் கழித்து இன்டர்வியூவில் அடிபடுகிறது, அவ்வளவுதான். அதன் பிறகு என்னிடம் வந்து மூன்று மாதத்துக்கு ஆறாயிரம் ரூபாய் கட்டுகிறது.

ஒரேயடியாக மாநிலம் முழுக்க வேண்டாம், முதலில் ஒரு மாவட்டத்தில் அரையாண்டுத் தேர்வோடு நடத்திப் பாருங்கள். எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலம் எதற்கு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாதிரி வினாவை ஜூன் மாதமே வெளியிட்டுவிடுங்கள். அப்புறம், துண்டுச் சீட்டில் உள்ள விஷயத்தை ஒவ்வொரு வருடமும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அடுத்த ஆகஸ்டுக்குள் பேச்சுத் தேர்வுக்கும் கைடு வந்துவிடும், பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார்கள்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியார்