சிற்றலை கேட்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நடந்த உருப்படியான வேலை எது என்று கேட்டால், நேரக்குறிப்பு நிலையங்களை, அதாவது சரியான நேரத்தைப் பிசகாத அலைவரிசையில் ஒலிபரப்பும் வானொலி நிலையங்களை வைத்து நம் ரிசீவர்களைச் சரிபார்த்ததைத்தான் சொல்வேன். ஒரே நிலையத்தைக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு அலைவரிசை எழுதிக்கொண்டிருந்தோம். யார் பெட்டி சரி என்ற சண்டை ஓயவில்லை. எல்லோரும் 10 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பிப் பார்த்துவிடுவது என்று செயற்குழு முடிவு செய்தது.

அங்கே நெரிசல்தான். கொலராடோவின் டபிள்யூடபிள்யூவி, ஹவாயின் டபிள்யூடபிள்யூவிஎச், சீனாவின் பிபிஎம் மூன்றும் அதே இடத்தில் ஒலிபரப்புகின்றன. நிமிடம் முடிய 15 நொடி இருக்கும்போது பெண் குரல் நேரம் சொன்னால் அது ஹவாய். பின்னாலேயே ஆண் குரல் வந்தால் கொலராடோ. ரஷ்யாவின் ஆர்டபிள்யூஎம் 9996 கிலோஹெர்ட்ஸில் தனியாக இருக்கிறது, பேச்சே கிடையாது. கனடாவின் சிஎச்யூவுக்கு 7850-இல் போக வேண்டும்.

சோதித்த விதம் இதுதான். பெட்டியை அரை மணி நேரம் சூடேற விட்டு, டயலைச் சரியாக 10,000 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தி, நிலையம் 500 ஹெர்ட்ஸ் தொனி ஒலிக்கும் நிமிடத்தில் யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை), எல்எஸ்பி (கீழ் பக்கப்பட்டை) இரண்டுக்கும் மாற்றி மாற்றிக் கேட்டோம். சுருதி மாறாவிட்டால் பெட்டி சரி. மாறினால், அந்த வித்தியாசத்தில் பாதிதான் பிழை. அலைவரிசையை நிர்ணயிக்க ஒரே குவார்ட்ஸ் படிகத்தை நம்பி ஓடும் பெட்டியில் இங்கே 20 ஹெர்ட்ஸ் தவறு என்றால் 15 மெகாஹெர்ட்ஸில் 30 ஆகும். விலை கூடிய பெட்டிகள்தான் துல்லியம் என்று வாதாடிய நண்பர்கள் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை! அப்புறம், ஒரு ஹெர்ட்ஸுக்குள் கொண்டுவர மல்லுக்கட்ட வேண்டாம். சிற்றலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் மேல்வளிப் படலமான அயனி மண்டலம் ஏறி இறங்கும்போது, முக்கியமாக விடியலிலும் அந்தியிலும், வரும் அலையே அந்த அளவுக்கு நகரும்.

செல்போனே நேரம் காட்டுகிறதே, இது எதற்கு என்று ஒரு புதிய உறுப்பினர் கேட்டார். நேரத்துக்குச் செல்போன் போதும், 10,000 கி.மீ. தாண்டி வரும் டிக் ஒலி 30 மில்லி நொடிக்கு மேல் பிந்தித்தான் வருகிறது. ஆனால் டயல் பொய் சொல்கிறதா என்று செல்போன் கடிகாரம் சொல்லாது.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் நீளக்கம்பி ஏரியலை இரவல் வாங்கியவர் தயவுசெய்து திருப்பித் தரவும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்