தம்பியைக் கீழே விடு, தாயி

செல்விக்கு அம்மா எழுதுவது.

நேற்று வீடியோவிலும் உன் பிள்ளை, நம்ம தம்பி, உன் மடியில்தான் இருந்தான். போன ஞாயிறும் அப்படித்தான். நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

இதய ஆபரேஷனுக்கு வெட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறிலிருந்து எட்டு வாரம். அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல், கழுத்துக்கு ஒரு கை, பிட்டத்துக்கு ஒரு கை என்று அள்ளி எடுப்பதெல்லாம் அதுவரைக்கும்தான். நீர் பிரிய வைக்கும் லாசிக்ஸ் மருந்தைச் சிரிஞ்சில் கோடு பார்த்து நீ கொடுத்த நேர்த்தி, வார்டுக்குப் புதுசாக வரும் நர்ஸுகளுக்கே வராது. ஆனால் ஏழு மாதம் ஆகிவிட்டது. கீழே விடு.

அழுதால் நீலம் பாரித்தது ஆபரேஷனுக்கு முன்னால். இதயத்தில் ஓட்டை, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிற வழியும் குறுகல். அழுகையில் அது இன்னும் இறுகி, கெட்ட ரத்தம் ஓட்டை வழியாக உடம்புக்குப் போனது. முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடித்தாயே, அதற்குத்தான். இப்போது ஓட்டையை அடைத்து, வழியையும் அகலமாக்கியாச்சு. இனி அழுதால் அது வெறும் அழுகை.

பழைய சுங்குடிச் சேலை இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்றை இறுக்கிச் சுருட்டி அவன் நெஞ்சுக்கடியில் கொடு; முழங்கை தோளுக்கு நேர் கீழே ஊன்ற வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, முதலில் 3 நிமிடம், நாளைக்கு ஐந்து தடவை. எதிரே நீயும் குப்புறப் படு. பிறகு டிரங்குப் பெட்டிமேல் கரண்டியை வை, பெட்டியைப் பிடித்து எழட்டும். எழுந்ததும் கரண்டியை ஒரு சாண் தள்ளி வை, பக்கவாட்டில் அடி வைப்பான். வாக்கர் வண்டி வேண்டவே வேண்டாம், உன் மாமியார் வாங்கித் தந்தாலும். உதடு கறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ நிறுத்திவிட்டு டாக்டருக்குச் சொல்.

பிடித்து நிற்பது ஒரு வயதுவாக்கில் வர வேண்டியது. தனியாக நடக்க 18 மாதம் வரை பார்க்கலாம், இவனுக்கு 15. கால் விஷயம் இருக்கட்டும். விரல் நீட்டிக் காட்டுகிறானா? நேற்று மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன். டிவி சத்தம் என்றாய். காதைச் சோதித்துவிடு, ஐசியுவில் போடும் சில ஆன்டிபயாட்டிக்கும் லாசிக்ஸும் சேர்ந்தால் காதைப் பாதிக்கலாம். ஹீமோகுளோபினும் பார், இரும்புச்சத்து குறைந்தாலும் பிள்ளை மந்தமாகும். எக்கோ நன்றாக இருக்கிறது என்கிறாய். எக்கோ இதயத்தைத்தான் காட்டும், தாயி. இப்படி இதய ஆபரேஷன் ஆன பிள்ளைகளில் சிலருக்குப் பேச்சும் கவனமும் பின்தங்கும். பள்ளிக்கூடம் போன பிறகு தெரிவதும் உண்டு.

டிஸ்சார்ஜ் அன்று "அழவிடாதே, மடியிலேயே வைத்திரு" என்றவள் நான்தான். வார்டில் அத்தனை தாய்மாரிடமும் இறக்கிவிடச் சொன்ன வாய், பேரனைக் கண்டதும் பயந்துவிட்டது. நீ என் பேச்சைத்தான் கேட்டாய்.

அழகர்கோயிலில் முடியிறக்க வரும்போது இரண்டு நாள் முன்னாடியே வா. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் வளர்ச்சி பின்தங்கும் பிள்ளைகளைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, 18 வயது வரை பார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி எக்கோ ரிப்போர்ட் இரண்டையும் மறக்காமல் எடுத்து வா.

அடுத்த தடவை வீடியோ போடும்போது போனைத் தரையில் சாய்த்து வை.

அம்மா