தை பிறக்கும் முன் எழுதி வையுங்கள்: காவிரிப் படுகைக் கபடி அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கபடிக் கழகம் நடத்தும் நிர்வாகிகளுக்கும், பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மின்னொளித் தொடர் போட்டி வைக்கும் விழாக் கமிட்டிகளுக்கும் வணக்கம்.

சம்பா அறுப்பு முடிந்தால் வயலே ஆடுகளமாகிவிடும். நுழைவுக் கட்டணம், எடைப் பிரிவு, சுழற்கோப்பை, நடுவர் குழு என எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஏற்பாடு இருக்கிறது. களத்தில் ஒழுங்கு தவறினால் பச்சை அட்டை, அடுத்து மஞ்சள் அட்டையோடு 2 நிமிடம் வெளியே, அதற்கும் மேல் சிவப்பு. உங்கள் முன்னணி ரைடர் (பாடிப் போகும் ஆட்டக்காரர்) வீட்டில் மனைவியை அடித்ததாகப் புகார் வந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு வரி விதி கிடையாது. அந்த வரிகளைப் பற்றித்தான் இந்த மடல். எழுதுகிற எங்களில் கபடி நடுவர்கள் உண்டு, குடும்ப வன்முறை வழக்குகளில் பெண்களுக்காக வாதாடுபவர்கள் உண்டு, அந்தப் பெண்களோடு காவல் நிலையத்துக்கும் சமூக நல அலுவலகத்துக்கும் நடப்பவர்களும் உண்டு.

விதி இல்லாத இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். "புருசன் பொண்டாட்டி சண்டை, நாம எதுக்கு உள்ள போவணும்" என்று அரையிறுதிக்கு அவரை இறக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் பெரியவர்கள் நாலு பேர் கூடி, அந்தப் பெண்ணைக் கோயில் மண்டபத்துக்கு வரச்சொல்லி, சமாதானம் பேசி அனுப்புவார்கள். இரண்டாவது வழி நல்ல மனதோடு செய்யப்படுவதுதான். ஆனாலும் அதுவே அதிக ஆபத்தானது. அடித்தவரின் ரசிகர்கள் சூழ உட்கார்ந்து ஒரு பெண்ணால் உண்மை பேச முடியாது. பேசிவிட்டால், அன்று இரவு அவள் திரும்பிப் போவதும் அதே வீட்டுக்குத்தான்.

மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகு வாய்க்கால் தூர்வார முடியாது. புகார் வந்த பிறகு விதி எழுதினாலும் அதே கதிதான். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். இதை 2014ல் பட்டுத் தெரிந்துகொண்டது. பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் ரே ரைஸ், தான் மணக்கவிருந்த பெண்ணை ஒரு சூதாட்ட விடுதியின் லிஃப்டில் தாக்கியது அந்தப் பிப்ரவரியில். ஜூலையில் லீக் விதித்த தடை 2 ஆட்டம். கண்டனம் எழுந்ததும் ஆகஸ்ட் இறுதியில், இனி முதல் முறைக்கே 6 ஆட்டம் என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் லிஃப்டுக்குள் பதிவான காட்சி வெளியானது. அணி அவரை நீக்கியது, லீக் காலவரையற்ற தடை போட்டது. நவம்பரில் மேல்முறையீட்டைக் கேட்ட முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் அந்தத் தடையை ரத்து செய்தார். ரைஸ் லீக்கிடம் எதையும் மறைக்கவில்லை, ஒரே செயலுக்கு இரண்டாம் முறை தண்டித்தது தன்னிச்சையானது என்பது அவர் கண்ட முடிவு. முதலில் அலட்சியம், பிறகு அவசரம். இரண்டும் சேர்ந்து லீக்கின் கையைக் கட்டிவிட்டன.

நம் நாட்டு அனுபவம் வேறு மாதிரி. 2018 மார்ச்சில் இந்திய கிரிக்கெட் அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் மீது அவர் மனைவி குடும்ப வன்முறைப் புகாரோடு சூதாட்டக் குற்றச்சாட்டும் வைத்தார். வாரியம் அவருடைய ஆண்டு ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது சூதாட்டத்தை மட்டும்தான். அதில் ஒன்றுமில்லை என்றதும் அதே மாதம் ஒப்பந்தம் வந்துவிட்டது. வீட்டுப் புகார் உண்மையா பொய்யா என்று நாங்கள் இங்கே சொல்ல வரவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. விசாரிக்கும் பிரிவு எதற்கு இருந்ததோ அது மட்டும்தான் விசாரிக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் இருக்கிறதே, உள்ளகக் குழு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2013ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் விளையாட்டு அரங்கத்தையும் போட்டி நடக்கும் இடத்தையும் பணியிடமாகச் சேர்த்துக்கொள்கிறது, குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறைக்கு வராது. வீட்டுக்கு உள்ளது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். உடலில் அடிப்பது, பாலியல் கொடுமை, வார்த்தையால் வதைப்பது, சாப்பாட்டுக்கும் செலவுக்கும் பணம் தராமல் வைப்பது நான்கும் அதன்படி வன்முறை. எஃப்.ஐ.ஆர். இல்லாமலேயே பெண் நேராகக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போட்டுப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணையும் கிடைக்கும். ஆகவே "கேஸே இல்லியே" என்று ஒரு செயலாளர் சொல்லும்போது, கையில் நீதிமன்ற ஆணையோடு ஒரு பெண் இருக்கக்கூடும். அந்த ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனி எழுத வேண்டிய விதிக்கு வருகிறோம். முதல் இடம் வீரர் பதிவுப் படிவம். ஆதார் நகலும் புகைப்படமும் ஒட்டுகிற அந்தத் தாளில் இரண்டு வாக்கியம் சேருங்கள்: குடும்ப வன்முறை தொடர்பாகத் தன்மீது நீதிமன்ற ஆணையோ வழக்கோ இருந்தால் தெரிவிப்பதாகவும், இடையில் வந்தால் 3 நாளில் சொல்வதாகவும் ஒன்று. கழகத்தின் ஆட்ட நிறுத்த விதிக்கு, அதாவது முடிவு தெரியும்வரை வீரரைக் களமிறக்காமல் வைக்கும் விதிக்கு, கட்டுப்படுவதாக இன்னொன்று. இந்தக் கையெழுத்து இல்லாமல் நடவடிக்கை எடுத்தால் வீரர் உரிமையியல் நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கிவிடுவார், அது அவர் உரிமையும்கூட. பதிவு பெற்ற கழகங்கள் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டுத் துணைவிதியைத் திருத்திப் பதிவாளரிடம் தாக்கல் செய்துவிட வேண்டும். பதிவில்லாத விழாக் கமிட்டிக்கு நோட்டீஸில் அச்சிட்ட நிபந்தனையும் படிவமும் போதும்.

அடுத்தது ஆட்ட நிறுத்தம். "விலக்கி வைத்தல்" என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நம் ஊர்களில் அந்தச் சொல்லுக்கு ஊரை விட்டு ஒதுக்குவது என்ற பழைய பொருள் உண்டு, அது மனைவி மக்கள் மேலும் போய் விழும். பாதுகாப்பு ஆணை (இடைக்கால ஆணை உட்பட), கைது, குற்றப்பத்திரிகை ஆகிய மூன்றில் ஒன்று வந்தால் நிறுத்தம் தானாக நடக்க வேண்டும், யாரும் கூடிப் பேச வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். மட்டும் என்றால் நிறுத்தலாமா என்று 7 நாளுக்குள் விசாரணைக் குழு முடிவெடுக்கட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பேச்சுக்கு நடவடிக்கை கூடாது. ஆஸ்திரேலிய ரக்பி லீக் 2019ல் கொண்டுவந்த விதி இப்படிப்பட்டதுதான். 11 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்பட்டாலே வீரர் களமிறங்க முடியாது. பயிற்சியும் சம்பளமும் தொடரும், குற்றவாளி என்ற முத்திரை கிடையாது. நமக்கு இது புதிதும் இல்லை. அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கம், கூடவே பிழைப்பூதியம் என்பது நம் வீடுகளில் தெரிந்த நடைமுறை.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். ஆட்டக்கூலியையும் பரிசுப் பங்கையும் நிறுத்திவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது புகார் கொடுத்தவளும் பிள்ளைகளும்தான். "உன்னாலதான் வருமானம் போச்சு" என்ற பேச்சு அடுத்த அடிக்குக் காரணமாகிவிடும். அது தெரிந்த பெண் வாயே திறக்க மாட்டாள். அதனால் நிறுத்த காலத்தில் ஒப்புக்கொண்ட கூலி வீரருக்குப் போய்ச் சேர வேண்டும். மனைவிக்கோ பிள்ளைக்கோ ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி நீதிமன்ற ஆணை இருந்தால் அதை மதிக்க வேண்டும். கழகமே தானாகப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கக் கிளம்பக் கூடாது, அதற்கு அதிகாரம் இல்லை. தண்டனை என்று தீர்ப்பான பிறகும் பண அபராதம் போடாதீர்கள், ஆட்டத்தை மட்டும் பறியுங்கள்.

புகாரை வாங்குவது யார்? கமிட்டிக்கு வெளியே உள்ள ஒரு பெண், கமிட்டி பார்க்க முடியாத ஒரு தொலைபேசி எண். புகார் வந்ததும் அவர் கேட்க வேண்டியவை: இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா, பிள்ளைகள் எங்கே, போலீஸ் வேண்டுமா. பிறகு மகளிர் உதவி எண் 181, மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையம், சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர், இலவச வழக்கறிஞருக்கு 15100 ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு அந்தச் சட்ட உதவிக்கு வருமான வரம்பு கிடையாது. அவள் சம்மதம் இல்லாமல் அவள் வாய்மொழியை வைத்து எதையும் தொடங்கக் கூடாது, குழந்தைக்கு ஆபத்து என்றால் தவிர. வீரருக்கு நோட்டீஸ் போகும் நாள் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். புகார் வெளிப்படும் அந்த ஓரிரு நாள்தான் வீட்டில் மிக மோசமான நேரம்.

விசாரணைக்கு மூன்று பேர் போதும்: வெளிமாவட்டத்துப் பெண் வழக்கறிஞர் ஒருவர், குடும்ப வன்முறையில் பணி அனுபவம் உள்ள ஒருவர், ஆட்டம் தெரிந்த ஒருவர். மூவரும் அந்த வீரரின் அணி, ஊர், உறவுமுறை எதையும் சாராதவர்களாக இருக்க வேண்டும். பழைய சக ஆட்டக்காரரைப் போடாதீர்கள். பார்க்க வேண்டிய தாள்கள் இவை: பாதுகாப்பு அலுவலர் எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கை, அரசு மருத்துவமனை ஏ.ஆர். காப்பி (காயத்தோடு வந்தவரைப் பற்றிய பதிவின் நகல்), மகளிர் காவல் நிலையத்தின் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான சீட்டு), எஃப்.ஐ.ஆர்., நீதிமன்ற ஆணை. இவை இருந்தால் அந்தப் பெண்ணை நேரில் அழைக்கவே தேவையில்லை. ஏ.ஆர். காப்பியில் "கீழே விழுந்தார்" என்று இருந்தால் அதோடு முடித்துவிடாதீர்கள். அழைத்துவந்தவர் பெயரையும் பாருங்கள், பல நேரம் அது கணவர் பெயராக இருக்கும். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். கழகத்துக்கு அவ்வளவு வேண்டாம். இருக்கும் ஆதாரத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும், ஏனென்றால் நீங்கள் சிறைக்கு அனுப்பவில்லை, ஜெர்சியைத்தான் திரும்ப வாங்குகிறீர்கள். அமெரிக்க பேஸ்பால் லீக் 2015ல் வீரர் சங்கத்தோடு சேர்ந்து எழுதிய கொள்கையும் இப்படித்தான். போலீஸ் வழக்கு இல்லாமலேயே 2016ல் அரோல்டிஸ் சாப்மனுக்கு 30 ஆட்டத் தடை வந்தது அதன்படிதான்.

"பேசி முடிச்சாச்சு, எழுதிக் குடுத்துட்டாங்க" என்று ஒரு தாள் வரும். அந்தத் தாள் வந்தவுடன் கோப்பை மூடிவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. யார் எழுதினார்கள், எழுதும்போது யார் கூட இருந்தார்கள், அவள் இப்போது எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கேளுங்கள். அவளுக்கு உண்மையிலேயே அவர் ஆட வேண்டும் என்ற விருப்பம் இருக்கலாம், அதையும் மதிக்க வேண்டும். அந்த விருப்பத்தைப் பாதுகாப்பு அலுவலர் மூலம் தனியாகக் கேட்டு, 15 நாள் கழித்து முடிவெடுங்கள்.

குடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "தண்ணி போட்டாத்தான் இப்படி" என்று குடிநோய் மருத்துவத்துக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். அந்த மருத்துவம் குடிக்கு, கைநீட்டுவதற்கு அல்ல. தப்பான தீர்ப்பு சொன்ன நடுவர் முன்னால் அதே ஆட்டக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், அவருக்குக் கோபத்தை அடக்கத் தெரியும். வன்முறையை நிறுத்துவதற்கான ஆலோசனை தனி, அதற்கு மாதக்கணக்கில் தொடர்ந்து போக வேண்டும். வருகைப் பதிவோடு போனால் தடையில் பாதி வரை குறைக்கலாம்.

தடை எவ்வளவு? முதல் முறை உறுதியானால் தை முதல் வைகாசி வரை ஒரு சீசன் முழுக்க என்பது எங்கள் யோசனை. ஆயுதம், கர்ப்பிணி, குழந்தையின் கண்ணெதிரே என்றால் இரண்டு சீசன். பாதுகாப்பு ஆணையை மீறினாலும் அப்படியே. நிறுத்தத்தில் கழிந்த நாள்களைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஃபிளெக்ஸில் படம், மேடையில் பொன்னாடை, பயிற்சியாளராகக் களத்தோரம் உட்காருவது எதுவும் கூடாது.

நம் பகுதிக்கே உரிய ஓட்டை ஒன்று உண்டு. மன்னார்குடியில் நிறுத்தப்பட்டவர் அடுத்த வாரம் வேதாரண்யத்தில் காசுக்கு இன்னொரு அணிக்கு இறங்குவார். நான்கு மாவட்டத்துக்கும் ஒரே பட்டியல் வைத்து, எடை பார்க்கும் மேசையிலேயே சரிபார்த்தால்தான் விதி நிற்கும். பட்டியலில் பெயர், பதிவு எண், தேதி, "ஆட்டத் தகுதி நிறுத்தம்" என்ற சொல் மட்டும் இருக்கட்டும். காரணம் எழுதினால் அந்தப் பெண்ணை ஊரறியச் செய்துவிடுவீர்கள்.

பொய்ப் புகார் வந்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது. நாங்கள் கூலியோடு நிறுத்தம் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். வீரருக்குப் புகாரின் சாரம் எழுத்தில் கிடைக்க வேண்டும், பதில் சொல்ல 10 நாள் வேண்டும், வேறு ஆட்களிடம் மேல்முறையீடு செய்ய 15 நாள் வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்த விதியை எதிர்த்து 2019ல் நீதிமன்றம் போன வீரர் தோற்றார். பாலியல் குற்றம் சாட்டப்பட்டிருந்த அவருடைய வழக்கில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் 2021ல் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அதே ஆண்டு அவர் மீண்டும் ஆடினார். அப்படி ஒருவர் திரும்பி வரும்போது, தகுதி மீண்டதை நான்கு மாவட்டப் பட்டியலிலும் அதே நாளில் ஏற்றுங்கள், ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

படிவத்தின் வாசகம், துணைவிதித் திருத்தம், விசாரணைக் குழுவுக்கான நடைமுறை மூன்றையும் தமிழில் எழுதித் தயாராக வைத்திருக்கிறோம். கட்டணம் எதுவும் இல்லை. கார்த்திகைக்குள் கேட்டால், மார்கழியில் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் உங்கள் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையின் கபடி நடுவர்கள், வழக்கறிஞர்கள், மகளிர் பாதுகாப்புப் பணியாளர்கள் சிலர்